கரப்பானில் தொடங்கிய இளைப்பு: மூன்று வயதுக் குழந்தையின் நிகழ்வு ஆய்வு

கொங்குப் பகுதியில் பனியன் தொழில் நடக்கும் ஓர் ஊரிலிருந்து எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வந்த பெண் குழந்தையின் பதிவு இது. பெற்றோரின் சம்மதத்தோடு எழுதப்படுகிறது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டோம். இந்தக் குழந்தைக்கு வந்தது ஆஸ்துமாவும் ஒவ்வாமையும்தான், அபூர்வமான நோய் அல்ல. தோல், மூக்கு, நெஞ்சு, உணவு என்று மூன்று வருடமாகத் தனித்தனியாகப் பார்க்கப்பட்ட தொந்தரவுகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க இவ்வளவு காலம் ஆனது. இதே நிலையில் இன்னும் நிறையக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறார்கள் என்பதால்தான் முழுவதையும் எழுதுகிறோம்.

பின்னணி

முதன்முதலாக எங்களிடம் வந்தபோது குழந்தைக்கு 3 வயது 4 மாதம். நிறைமாதத்தில் சுகப்பிரசவம், பிறப்பு எடை 2.8 கிலோ. தடுப்பூசிகள் எதுவும் விடுபடவில்லை. அப்பாவுக்கு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. அம்மா வீட்டிலிருந்தபடியே பீஸ் கணக்கில் பிசிறு வெட்டுகிறார். அப்பத்தா கூடவே இருக்கிறார். அம்மா அப்போது இரண்டு மாதக் கர்ப்பிணி.

பிறந்து மூன்றாவது மாதம் கன்னம் இரண்டும் சிவந்து பொரிபொரியாக ஆனது. பிறகு முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் அரிப்பு பரவியது. வீட்டில் அதைக் கரப்பான் (எக்சிமா) என்றார்கள். குப்பைமேனி அரைத்துப் பூசினார்கள், சோப்பை நிறுத்திவிட்டுப் பயத்தமாவு தேய்த்துக் குளிக்க வைத்தார்கள். பால் கொடுக்கும் தாய்க்கும் கத்தரிக்காய், கருவாடு, மீன் எல்லாம் நிறுத்தப்பட்டன. அரிப்பு கூடியும் குறைந்தும் தொடர்ந்தது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

ஏழாவது மாதம் சளி பிடித்து மூச்சு வாங்கியதால் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். சிறு மூச்சுக்குழல்களில் வைரஸ் தொற்று என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தது. கரப்பானைப் பற்றியோ குடும்பத்தில் யாருக்காவது இளைப்பு (வீசிங்) உண்டா என்பதைப் பற்றியோ அதில் ஒரு வரிகூட இல்லை.

பத்தாவது மாதம் அரைவேக்காட்டு முட்டையைக் கொஞ்சம் வாயில் வைத்ததும் பத்து நிமிடத்துக்குள் வாயைச் சுற்றித் தடிப்பு வந்தது. அன்றிலிருந்து முட்டை கிடையாது.

அதன்பிறகு மாதம் தவறாமல் சளி. முதல் நாள் மூக்கொழுகல், இரண்டாம் நாள் ராத்திரி இருமல், மூன்றாம் நாள் நெஞ்சில் விசில் சத்தம். பக்கத்தில் எந்த கிளினிக் திறந்திருக்கிறதோ அங்கே போய் புகை (நெபுலைசர் மருந்து) வைத்துக்கொண்டு வருவார்கள். அம்மா ஒரு துணிப்பையில் எல்லாச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருந்தார். கடந்த 12 மாதங்களில் மட்டும் 9 சீட்டுகள். அவற்றில் 7 முறை ஆன்டிபயாடிக், 9 முறையும் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் சிரப், 4 முறை ஸ்டீராய்டு சிரப். சீட்டுகளில் ஐந்து வெவ்வேறு டாக்டர்களின் கையெழுத்து இருந்தது. அந்தந்த நாளின் இருமலுக்கு அவர்கள் எழுதிய மருந்தில் பெரிய தவறு இல்லை. ஆனால் முந்தைய சீட்டை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

எங்களிடம் வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன் இரண்டு விஷயங்கள் நடந்திருந்தன. ஒன்று, தனியார் லேப் ஒன்றில் எடுத்த அலர்ஜி ரத்தப் பரிசோதனை. பால், கோதுமை, நிலக்கடலை, வாழைப்பழம், தக்காளி என்று 14 பொருட்களுக்கு எதிரே குறியிட்டு வந்திருந்தது. அவை எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று, குழந்தைக்கு பிரைமரி காம்ப்ளக்ஸ் (ஆரம்பக் காசநோய்) என்று சொல்லி ஆறு மாதக் காசநோய் மருந்து தொடங்கப்பட்டிருந்தது.

எங்களிடம் வந்தபோது

ஜூன் மாதம், பள்ளிகள் திறந்த சமயம். காய்ச்சல் இல்லை. எடை 13.2 கிலோ, உயரம் 94 செ.மீ. வளர்ச்சி அட்டையில் கோடு கீழே இறங்கவில்லை. மூச்சு நிமிடத்துக்கு 34, விலாவுக்குக் கீழே லேசான உள்வாங்கல், ஆக்சிஜன் அளவு 96%. இரண்டு பக்கமும் மூச்சை விடும்போது விசில். கண்ணுக்குக் கீழே கருமை. மூக்கைத் தேய்த்துத் தேய்த்துக் குறுக்கே ஒரு கோடு. முழங்கை மடிப்பில் தோல் தடித்துக் கீறல் விழுந்திருந்தது. நகம் புடைக்கவில்லை, இதயத்தில் வேறு சத்தம் இல்லை.

ஸ்பேசரில் (இன்ஹேலர் மருந்தைக் குழந்தை மெதுவாக உள்ளிழுக்க உதவும் குழாய்) மாஸ்க் பொருத்தி சால்பியூட்டமால் 4 பஃப் கொடுத்தோம். இருபது நிமிடத்தில் விசில் பெருமளவு அடங்கியது, உள்வாங்கல் நின்றது. இந்த வயதில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை செய்ய முடியாது. அதனால் மருந்துக்கு நெஞ்சு எப்படி இறங்கிக் கொடுக்கிறது என்பதைக் காதால் கேட்டு எழுதி வைப்பது முக்கியம். முந்தைய ஒன்பது சீட்டிலும் புகை வைத்தார்கள் என்று இருந்ததே தவிர, வைத்த பிறகு சத்தம் குறைந்ததா என்ற குறிப்பு எதிலும் இல்லை.

காசநோயா, ஆஸ்துமாவா

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான். தொடர் இருமலோடு வரும் குழந்தைகளுக்கு நம் ஊரில் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்ற பெயர் மிக எளிதாக ஒட்டிவிடுகிறது. குழந்தைகளுக்குக் காசநோய் வரத்தான் செய்கிறது, அதைத் தவறவிடுவதும் ஆபத்து. அதனால் அவசரப்பட்டு மருந்தை நிறுத்திவிடாமல், எதன் அடிப்படையில் தொடங்கினார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ காசநோய் உள்ளவர் யாரும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்த காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. காசநோய்க்கான தோல் ஊசியான மான்டூ பரிசோதனையில் தடிப்பு 6 மி.மீ. 10 மி.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால்தான் பாசிட்டிவ் என்று எடுக்க வேண்டும். உடம்பில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான இஎஸ்ஆர் 28 என்பதை ஒரு காரணமாக எழுதியிருந்தார்கள், ஆனால் அது எந்தச் சளியிலும் ஏறும். பழைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கினோம். குழந்தை சாய்ந்திருந்தபோது எடுத்த படம், நெஞ்சின் நடுப்பகுதி அகலமாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம். நேராக வைத்து எடுத்த புதுப் படத்தில் நெறிகட்டிகள் இல்லை, நுரையீரலில் காற்று அதிகமாகத் தேங்கியிருந்தது மட்டும் தெரிந்தது. காலை வெறும் வயிற்றில் இரைப்பை நீர் எடுத்து காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பினோம், நெகட்டிவ். இரண்டு மாதம் மருந்து உள்ளே போயிருந்ததால் இந்த ஒரு முடிவை வைத்து மட்டும் எதையும் சொல்ல முடியாது. மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் பார்த்தோம்.

இன்னொன்றும் கவனித்தோம். மருந்து தொடங்கி இரண்டு மாதமாகியும் இருமலில் எந்த மாற்றமும் இல்லை. சளி பிடித்தால் வருகிறது, ராத்திரியில் கூடுகிறது, ஓடி விளையாடினால் இருமுகிறது, சால்பியூட்டமாலுக்கு அடங்குகிறது. இது காசநோயின் நடை அல்ல.

2012 முதல் இந்தியாவில் தனியார் டாக்டர்களும் காசநோயாளிகளை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். இந்தக் குழந்தையும் பதிவாகியிருந்தாள். எனவே மாவட்டக் காசநோய்ப் பிரிவோடு கலந்து பேசி, எழுத்தில் காரணம் பதிந்து, மருந்தை நிறுத்தினோம். எடையையும் காய்ச்சலையும் அடுத்த ஆறு மாதம் கண்காணிப்பது என்று முடிவானது.

ஆபத்தை எடை போட்டது

சின்ன வயதில் இளைப்பு வரும் எல்லாக் குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்கள் ஆவதில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில் 1980-இல் தொடங்கிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கே பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழந்தைகளில் 826 பேரைப் பற்றிய முடிவுகள் 1995-இல் வெளிவந்தன. மூன்று வயதுக்குள் இளைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய 60% பேருக்கு ஆறு வயதில் இளைப்பு இல்லை. மீதிப் பேர் யார் என்பதை முன்கூட்டியே கணிக்க 2000-இல் அதே ஆய்வுக் குழு ஒரு குறியீட்டை உருவாக்கியது. அடிக்கடி இளைப்பு வரும் குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தாலோ, குழந்தைக்கே கரப்பான் இருந்தாலோ அது பெரிய குறி. ரத்தத்தில் ஈசினோஃபில் (ஒவ்வாமையில் கூடும் வெள்ளணு) 4% அல்லது அதற்கு மேல், சளி இல்லாதபோதும் இளைப்பு, ஒவ்வாமை மூக்கடைப்பு ஆகியவை சிறிய குறிகள். ஒரு பெரிய குறியோ இரண்டு சிறிய குறிகளோ இருந்தால் கணக்கு பாசிட்டிவ். அப்படிப்பட்ட குழந்தைகளில் 76% பேருக்குப் பள்ளி வயதில் ஒரு கட்டத்திலாவது ஆஸ்துமா இருந்தது. நெகட்டிவ் என்று வந்தவர்களில் 95%க்கு மேற்பட்டோருக்கு இல்லை.

இந்தக் குழந்தைக்குக் கரப்பான் இருந்தது, ஈசினோஃபில் 9%, காலையில் எழுந்ததும் தொடர்ந்து தும்மல். குடும்ப வரலாறு கேட்டபோது முதல் தடவை யாருக்கும் ஒன்றும் இல்லை என்றார்கள். அடுத்த முறை அப்பத்தா மருந்து வாங்க வெளியே போயிருந்தபோது அம்மா நர்சிடம் மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் எட்டு வயசு வரைக்கும் வீசிங் இருந்துச்சுங்க சிஸ்டர். கல்யாணத்துக்கு முன்னாடி யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க.” இந்தத் தகவல் அவர் சம்மதம் தரும்வரை கோப்பில் மட்டும் இருந்தது. இப்படி மறைக்க வேண்டிய நிலை ஒரு பெண்ணுக்கு இருக்கிறது என்பதை மருத்துவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குடும்ப வரலாற்றைக் கூட்டத்தின் நடுவில் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை செய்தோம். வீட்டுத் தூசு உண்ணிக்கும் முட்டை வெள்ளைக்கும் தடிப்பு வந்தது. பாலுக்கும் கோதுமைக்கும் நிலக்கடலைக்கும் வரவில்லை.

எடுத்த முடிவுகள்

ஐந்து வயதுக்குக் கீழே ஆஸ்துமாவை உறுதி செய்ய ஒரு முக்கியமான வழி, தினசரித் தடுப்பு மருந்தைச் சில மாதம் கொடுத்துப் பார்ப்பது. புடசோனைட் என்ற இன்ஹேலர் ஸ்டீராய்டு 100 மைக்ரோகிராம், காலையும் மாலையும் ஒவ்வொரு பஃப், ஸ்பேசரும் மாஸ்க்கும் வைத்து மூன்று மாதம் என்று முடிவு செய்தோம். குடும்பம் இதற்கு எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை.

“இன்ஹேலர் பழகிட்டா அப்புறம் விடவே முடியாதுன்னு சொல்றாங்களேங்க டாக்டர்?” என்று அப்பா கேட்டார். அப்பத்தாவின் கவலை வேறு. “பொம்பளப் புள்ளைங்க. நாளைக்கு ஒருத்தர் வீட்டுக்குப் போகோணும். நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாங்க?”

இதை அறியாமை என்று ஒதுக்கினால் மருந்து வீட்டுக்குப் போகும், குழந்தைக்குள் போகாது. எனவே அம்மாவின் துணிப்பையில் இருந்த சீட்டுகளையே மேசையில் விரித்தோம். நான்கு முறை கொடுத்த ஸ்டீராய்டு சிரப், நாளுக்கு 13 மி.கி. வீதம் ஐந்தைந்து நாள் என்று கூட்டினால் 260 மி.கி. நாங்கள் சொல்லும் இன்ஹேலரை வருடம் முழுக்கக் கொடுத்தாலும் 73 மி.கி. இரண்டும் வேறு வேறு மருந்து, மில்லிகிராமுக்கு மில்லிகிராம் வைத்து வலிமையை ஒப்பிட முடியாது. இன்ஹேலரில் இருப்பது வீரியமானது என்பதையும் சொன்னோம். ஆனால் சிரப் உடம்பு முழுக்கப் போகிறது. இன்ஹேலர் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஸ்டீராய்டைத் தொடங்கலாமா வேண்டாமா என்பது இங்கே கேள்வி இல்லை, அது ஏற்கெனவே குழந்தைக்குள் போய்க்கொண்டிருந்தது.

பக்க விளைவையும் மறைக்கவில்லை. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு தினம் 400 மைக்ரோகிராம் புடசோனைட் பல ஆண்டு கொடுத்த அமெரிக்க ஆய்வில், பெரியவர்களான பிறகு உயரம் சராசரியாக 1.2 செ.மீ. குறைவாக இருந்தது. இவளுக்கு அதில் பாதி அளவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளப்போம் என்றோம். அடிக்கடி இளைப்பு வந்து, சாப்பிடாமல், ராத்திரி தூங்காமல் போனாலும் வளர்ச்சி பாதிக்கும் என்பது அவர்களுக்கே தெரிந்த விஷயம்.

ஸ்டீராய்டு அல்லாத ஆஸ்துமா மருந்தான மான்டெலுகாஸ்ட் சிரப் மட்டும் போதாதா என்றும் கேட்டார்கள். இன்ஹேலரோடு ஒப்பிட்டால் அதன் பலன் குறைவு. கெட்ட கனவு, எரிச்சல் போன்ற மனநிலை மாற்றங்கள் வரலாம் என்று 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. முதல் மருந்தாக அதை எடுக்கவில்லை.

ஸ்பேசரைப் பிடிக்கும் முறையை வாயால் சொல்லி அனுப்பவில்லை, செய்ய வைத்துப் பார்த்தோம். குலுக்க வேண்டும், மாஸ்க் முகத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், ஒரு பஃப் அழுத்திவிட்டு ஐந்தாறு மூச்சு எண்ண வேண்டும். தூங்கும்போது வைக்கலாமா என்று அம்மா கேட்டார். பெரும்பாலும் முழித்துக்கொண்டு அழுவார்கள், அழும்போது மருந்து நெஞ்சுக்கு இறங்காது. காலையும் ராத்திரியும் பல் தேய்ப்பதற்குச் சற்று முன் கொடுக்கச் சொன்னோம். வாயும் கொப்பளித்த மாதிரி ஆகிவிடும், மறக்கவும் மறக்காது. மாஸ்க் பட்ட இடத்தைத் துடைத்துவிட வேண்டும். ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் அலசித் துணியால் துடைக்காமல் காய வைக்க வேண்டும். துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது புகை. வீட்டில் புகை உண்டா என்ற கேள்விக்கு “கேஸ் அடுப்புதானுங்க” என்ற பதில் வந்தது. கொசுவர்த்தி சுருள் ஏற்றுவீர்களா, சாம்பிராணி போடுவீர்களா என்று பெயர் சொல்லிக் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. கதவு ஜன்னல் சாத்திய அறையில், குழந்தையின் தலைமாட்டில் ராத்திரி முழுக்கச் சுருள். செவ்வாய், வெள்ளி தலைக்கு ஊற்றியதும் முடி காய சாம்பிராணிப் புகை. அப்பா மொட்டை மாடியில் சிகரெட் பிடித்துவிட்டு அதே சட்டையோடு வந்து குழந்தையைத் தூக்குவார். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரியும்போது வெளிவரும் நுண்துகள்களின் எடை 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. இதைக் கேட்டதும் அப்பா அன்றைக்கே கொசுவலை வாங்கிவிட்டார். சாம்பிராணியை விட அப்பத்தாவுக்கு மனசில்லை. பூஜையில் போடட்டும், குழந்தை வாசலில் இருக்கும்போது போடட்டும், தலையை மட்டும் துண்டால் துவட்டட்டும் என்று பேசி முடித்தோம்.

இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டுக் கோரைப் பாயும் வாராவாரம் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடும் பருத்தி விரிப்பும் வந்தன. தூசு உண்ணிக்கு உறை போடுவது போன்ற ஒற்றை நடவடிக்கையால் ஆஸ்துமா குறையும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை, ஆகவே பெரிய செலவு எதையும் சொல்லவில்லை. பிசிறு வெட்டும் வேலையை விடச் சொல்லவும் இல்லை. அந்த வருமானம் அவர்களுக்குத் தேவை. மூட்டைகள் படுக்கும் அறையிலிருந்து முன்வாசலுக்கு மாறின.

தோலுக்குக் குளித்த ஈரம் காயும் முன் வெள்ளை வாசலின் தாராளமாக, தினம் இரண்டு முறை. தடித்த இடங்களுக்கு மட்டும் பத்து நாள் ஸ்டீராய்டு களிம்பு, பிறகு வாரம் இரண்டு நாள். பயத்தமாவு வேண்டாம் என்றோம். கீறல் விழுந்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாகப் பழகிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

உணவு விஷயத்தில்தான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது. ரத்தத்தில் ஒரு பொருளுக்கு எதிர்ப்பொருள் இருப்பது வேறு, அதைச் சாப்பிட்டால் ஒவ்வாமை வருவது வேறு. இவள் இரண்டு மாதத்துக்கு முன்புவரை பால், தயிர், சப்பாத்தி, கடலை மிட்டாய், வாழைப்பழம் எல்லாம் சாப்பிட்டு ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்தவள். கரப்பான் உள்ள குழந்தைக்கு, ஒத்துக்கொண்டிருக்கும் உணவை நீண்ட நாள் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தால் அப்போது கடுமையான ஒவ்வாமை வரக்கூடும். நிறுத்தியது இரண்டு மாதம்தான் என்பதாலும், பால், கோதுமை, கடலை மூன்றுக்கும் தோல் பரிசோதனை நெகட்டிவ் என்பதாலும் அவற்றின் முதல் வாயை எங்கள் பிரிவிலேயே கொடுத்துப் பார்த்தோம். மற்றவற்றை ஒவ்வொன்றாக வீட்டில் சேர்த்தார்கள். முட்டையை மட்டும் நிறுத்தி வைத்தோம். முட்டை ஒவ்வாமையைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டிருந்த ஃப்ளூ தடுப்பூசியைப் போட்டோம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அது பாதுகாப்பானது.

கடைசியாக, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம் போட்ட ஒரு தாள், தமிழில். மஞ்சளில் இளைப்பு தொடங்கினால் சால்பியூட்டமால் 2 பஃப், தேவைப்பட்டால் 20 நிமிடம் கழித்து மறுபடியும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 6 பஃப்புக்கு மேல் வேண்டியிருந்தாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ சிவப்பு, உடனே ஆஸ்பத்திரி. அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டினார்கள்.

முதல் மூன்று மாதங்கள்

இரண்டாவது வாரம் ராத்திரி இருமல் குறைந்தது. ஆறாவது வாரம் தோல் மென்மையாகி இருந்தது, தூக்கம் சரியானது. மாஸ்க்கைக் கண்டாலே ஓடிய குழந்தை, பொம்மைக்குத் தானே ‘பஃப்’ வைத்துவிட்டு அப்புறம் தானும் வாங்கிக்கொள்ளப் பழகினாள். மூன்று மாதத்தில் இரண்டு முறை சளி பிடித்தது. இரண்டு முறையும் மஞ்சள் கட்டத்தோடு நின்றது. ஆன்டிபயாடிக் இல்லை, ஸ்டீராய்டு சிரப் இல்லை. எடை 600 கிராம் கூடியது. காய்ச்சல் எதுவும் இல்லை என்பதால் காசநோய் பற்றிய கேள்வியும் ஓய்ந்தது.

அக்டோபரில் நடந்தது

குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று செப்டம்பர் கடைசியில் வீட்டில் இன்ஹேலரை நிறுத்திவிட்டார்கள். இது பல வீடுகளில் நடப்பதுதான். நல்லாயிருக்கும் குழந்தைக்கு மருந்து கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? சில வாரம் ஒன்றுமில்லை. அப்புறம் மழை பிடித்தது, எல்லாருக்கும் சளி. ஒரு ராத்திரி இளைப்பு கூடி, சால்பியூட்டமால் 6 பஃப் தாண்டியும் அடங்காமல், தாளில் எழுதியிருந்தபடியே விடிவதற்குள் கொண்டுவந்தார்கள். ஆக்சிஜன் அளவு 91%. ஆக்சிஜனும் ஸ்பேசரில் மருந்தும் மூன்று நாள் ஸ்டீராய்டும் கொடுத்தோம். மறுநாள் மாலை வீட்டுக்குப் போகும் நிலைக்கு வந்துவிட்டாள்.

நோயைப் பற்றிய கடைசிச் சந்தேகமும் இதில் நீங்கியது. தடுப்பு மருந்தில் நன்றாக இருந்து, நிறுத்தினால் திரும்ப வருவது இந்த வயதில் ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. குடும்பத்தை யாரும் கடிந்துகொள்ளவில்லை. நேரத்துக்குக் கொண்டுவந்ததற்கு அந்தத் தாளும் அதைப் படித்த அம்மாவும்தான் காரணம் என்பதை அப்பாவிடமும் அப்பத்தாவிடமும் சொன்னோம்.

அன்று வார்டில் அம்மா தானாகவே மாமியாரிடம் சொன்னார்: “எனக்கும் இது இருந்துச்சுங்க அத்தை. நான் நல்லாத்தானே இருக்கறேன்.” அதற்குப் பிறகு இரு வேளை பஃப் கொடுக்கும் பொறுப்பை அப்பத்தா எடுத்துக்கொண்டார்.

ஓராண்டுக்குப் பிறகு

ஜனவரியில் போகிப் புகை கவலையாக இருந்தது. அதற்கு முந்தைய நாளே குழந்தையை அம்மிச்சி (அம்மாவின் அம்மா) ஊரில் தோட்டத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மே மாதம் மருந்தை ஒரு வேளையாகக் குறைத்தோம், அதிலேயே நிலைத்திருக்கிறாள். அக்டோபருக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் சேர்க்க நேரவில்லை. ஸ்டீராய்டு சிரப் ஒரு முறை, ஆன்டிபயாடிக் ஒரு முறை, அதுவும் காது வலிக்கு. உயரம் ஓராண்டில் 7 செ.மீ. கூடியிருக்கிறது.

ஜூனில் எங்கள் மேற்பார்வையில் முட்டை சேர்த்து வேகவைத்த கேக்கைப் படிப்படியாகக் கொடுத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை. நன்றாக வெந்த முட்டையை ஏற்றுக்கொள்ளும் உடம்பு பெரும்பாலும் மற்ற வடிவங்களையும் பின்னால் ஏற்றுக்கொள்ளும். அரைவேக்காடும் ஆம்லெட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். ஆஸ்துமாவும் உணவு ஒவ்வாமையும் சேர்ந்து இருக்கும் குழந்தைக்கு எதிர்பாராத ஒவ்வாமை வந்தால் அது உயிருக்கு ஆபத்தாகலாம். எந்த ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், போனதும் அட்ரினலின் ஊசி கேட்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் சேர்ந்திருக்கிறது.

காலைத் தும்மல் முழுதாகப் போகவில்லை. அப்பா சிகரெட்டைக் குறைத்திருக்கிறார், விடவில்லை.

இனி இது முற்றிலும் போய்விடுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். உண்மையைத்தான் சொல்கிறோம். இவளைப் போல ஆபத்துக் குறிகள் உள்ள 2, 3 வயதுக் குழந்தைகள் 285 பேருக்கு இரண்டு வருடம் இன்ஹேலர் ஸ்டீராய்டு கொடுத்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. கொடுத்த காலத்தில் இளைப்பு நன்றாகக் குறைந்தது. நிறுத்திய பிறகு கொடுக்காதவர்களோடு வித்தியாசம் இல்லை. மருந்து நோயின் போக்கை மாற்றுவதில்லை. குழந்தை தூங்கவும் ஓடவும் பள்ளிக்குப் போகவும் உதவுகிறது. அம்மாவுக்குப் போலவே இவளுக்கும் வளர வளர விலகலாம், விலகாமலும் போகலாம்.

தம்பி

பொங்கல் சமயத்தில் தம்பி பிறந்தான். இந்த முறை கேள்விகள் முன்கூட்டியே வந்தன. முட்டையையும் கடலையையும் ஒரு வயதுக்கு மேல் தள்ளிப்போடலாம் என்பது அப்பத்தாவின் எண்ணம், ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். இங்கிலாந்தில் கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வு அதைத் திருப்பிப் போட்டது. 4 முதல் 11 மாதத்துக்குள் நிலக்கடலை உணவைத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை மிகக் குறைவாக இருந்தது. தோல் பரிசோதனை நெகட்டிவாக இருந்தவர்களில், தவிர்த்தவர்களுக்கு 13.7%, சாப்பிட்டவர்களுக்கு 1.9%.

நான்காவது மாதம் தம்பியின் கன்னத்தில் லேசாகப் பொரிந்தது. அந்த வாரமே கூட்டி வந்தார்கள், இரண்டு வாரத்தில் தோல் அடங்கியது. ஆறு மாதம் முடிந்ததும் நன்றாக வேகவைத்த முட்டையை மசித்துக் கொஞ்சம், பிறகு வறுத்துப் பொடித்த கடலையைக் கஞ்சியில் கலந்து கொஞ்சம். முழுக் கடலை புரையேறும் என்பதால் கூடவே கூடாது. இரண்டும் ஒத்துக்கொண்டன, வாராவாரம் தொடர்கிறார்கள். இதுவரை ஒரு முறை சளி பிடித்தது, இளைப்பு வரவில்லை. அவனுக்கு ஆஸ்துமா வராது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

என்ன மாற வேண்டும்

ஏழாவது மாத டிஸ்சார்ஜ் சீட்டில் கரப்பான் உண்டு, குடும்ப வரலாறு தனியாகக் கேட்க வேண்டும், மறுபடி இளைப்பு வந்தால் இங்கே வரவும் என்று மூன்று வரி இருந்திருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும் என்று நம்புகிறோம். எங்கள் பிரிவில் இப்போது இளைப்போடு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது எழுதப்படுகிறது. பெற்றோர் கையில் ஒரு நோட்டு இருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும் அதிலேயே எழுதி வாங்கச் சொல்கிறோம். புகை வைத்த பிறகு சத்தம் குறைந்ததா என்று குறிப்பதற்கு அதில் தனிக் கட்டம் உண்டு.

ஆதாரம் இல்லாமல் ஆறு மாதக் காசநோய் மருந்து தொடங்கும் பழக்கம் நிற்க வேண்டும். அறிகுறியே இல்லாத உணவுகளுக்கு மொத்தமாக ரத்தப் பரிசோதனை எடுத்து, வந்த பட்டியலைப் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்புவதும் நிற்க வேண்டும். அந்தப் பட்டியலால் வளரும் குழந்தையின் தட்டு காலியாகிறது. கரப்பானுக்கு முதல் வருடத்திலேயே முறையாக வைத்தியம் பார்க்க வேண்டும். அதனால் ஆஸ்துமாவைத் தடுக்க முடியும் என்று இன்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அரிப்பில்லாமல் தூங்குவதே அந்தக் குழந்தைக்குப் பெரிய விஷயம், கூடவே அந்தக் குழந்தை ஆபத்து உள்ளவள் என்ற கவனம் மருத்துவருக்கு வருகிறது.

கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும்போதே கொசுவர்த்தி, சாம்பிராணி, சிகரெட் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க எங்கள் நர்சுகள் தொடங்கியிருக்கிறார்கள். அடுத்ததாக அங்கன்வாடி ஊழியர்களுக்கும் எல்கேஜி ஆசிரியைகளுக்கும் ஸ்பேசரைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு நடக்கிறது. இந்தக் குழந்தையின் பள்ளியில் வகுப்பு ஆசிரியையிடம் ஒரு ஸ்பேசரும் மூன்று கட்டத் தாளின் நகலும் இருக்கின்றன.